சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

உங்களுக்கு ஒரு சின்ன பரீட்சை. கண்ணை மூடிக்கொண்டு டாம் அண்ட் ஜெர்ரியை நினைத்துப் பாருங்கள். பூனை துரத்துகிறது. எலி ஓடுகிறது. வாணலியால் ஒரு போடு. பூனையின் முகம் அப்படியே வாணலி வடிவத்துக்கு மாறுகிறது. சிரிக்கிறீர்கள் இல்லையா? இப்போது சொல்லுங்கள். நீங்கள் எந்தக் கட்சி? பூனைக் கட்சியா, எலிக் கட்சியா?

சின்ன வயதில் எல்லாரும் எலிக் கட்சி, வேலைக்குப் போக ஆரம்பித்ததும் பூனைக் கட்சிக்குத் தாவிவிடுவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் மகளுக்கு வயது ஒன்பது. அவள் பூனைக் கட்சி. என் அப்பாவுக்கு எழுபத்து நாலு. அவரும் பூனைக் கட்சி. நடுவில் நான் ஒருத்தன்தான் முப்பது வருஷமாக எலிக் கட்சியில் மாட்டிக்கொண்டு, வெளியே வர வழி தெரியாமல் முழித்துக்கொண்டிருக்கிறேன். அது ஏன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் ஒரு கச்சேரி பார்த்துவிடலாம், வாருங்கள்.

'தி கேட் கன்சர்ட்டோ' என்று ஒரு கார்ட்டூன். 1947-ல் எம்.ஜி.எம். கம்பெனி வெளியிட்டது. மொத்தம் எட்டு நிமிஷம்கூட ஓடாது. பெயர் தெரியாவிட்டாலும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். டாம் கோட்டு சூட்டெல்லாம் போட்டுக்கொண்டு பியானோ வாசிக்குமே, அதுதான்.

மேடை. கைதட்டல். டாம் நடந்து வருகிற நடையைப் பார்க்க வேண்டும். சபா செக்ரட்டரி, கலெக்டர், மாப்பிள்ளை மூன்று பேரையும் கலந்து செய்த மாதிரி ஒரு மிடுக்கு. உட்காருகிறது. வாசிக்க ஆரம்பிக்கிறது. ஃப்ரான்ஸ் லிஸ்ட் என்கிற ஹங்கேரிக்காரர் எழுதிய 'ஹங்கேரியன் ராப்சடி எண் 2'. லிஸ்ட் அதை எழுதியது 1847-ல். சரியாக நூறு வருஷம் கழித்து ஒரு பூனைக்கு அதை வாசிக்கிற பாக்கியம் கிடைத்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஜெர்ரி அன்றைக்கு ஒன்றுமே திருடவில்லை. பியானோவுக்குள்ளே, தந்தியைத் தட்டுகிற சுத்தியல்கள் இருக்கிறதே, அதன்மேல் சுகமாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறது. டாம் வாசிக்க வாசிக்க சுத்தியல் எழும்புகிறது, விழுகிறது. எலி தூக்கத்தில் பந்தாடப்படுகிறது. எழுந்து வெளியே எட்டிப் பார்க்கிறது. ஓஹோ, நம்ம ஆளா! உடனே மேலே ஏறி நின்று ஆர்க்கெஸ்ட்ரா நடத்துகிறவர் மாதிரி கையை ஆட்டி நக்கல் பண்ண ஆரம்பிக்கிறது. டாம் வாசிப்பை நிறுத்தாமலே, கேரம் போர்டில் காயைச் சுண்டுகிற மாதிரி ஒரே ஒரு சுண்டு. எலி எங்கேயோ போய் விழுகிறது.

அவ்வளவுதான். யுத்தம் ஆரம்பம்.

அப்புறம் நடப்பதையெல்லாம் எழுத்தில் சொல்வது கஷ்டம். மூடியைப் படாரென்று சாத்தி டாமின் விரல்களை நசுக்குகிறது எலி. ஒரு கட்டத்தில் கத்தரிக்கோலோடு வந்து, ஒரே ஒரு கட்டையை அடிக்கடி தொட வருகிற விரலை நறுக்கப் பார்க்கிறது. விரல் வருகிறது, கத்தரி மூடுகிறது, விரல் தப்பிக்கிறது. மறுபடி. மறுபடி. கடைசியில் சலித்துப்போய் அந்த இடத்தில் எலிப்பொறியை வைத்துவிடுகிறது. எலியே பூனைக்கு எலிப்பொறி வைக்கிற அநியாயத்தை வேறு எங்கே பார்ப்பது! டாம் சும்மா விடுமா? எலியைப் பிடித்து உட்காரும் ஸ்டூலுக்குள் திணிக்கிறது. எலி ஸ்டூலின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கிறது. பூனை மேலே போய்க் கீழே வந்து, அப்போதும் வாசிக்கிறது. ஒரு இடத்தில் கால் விரல்களால்கூட வாசிக்கிறது.

கவனித்தீர்களா? டாம் ஒரு நொடிகூட கச்சேரியை விட்டு எழுந்து போகவில்லை. மற்ற கார்ட்டூன்களில் பூனை துரத்தும், எலி ஓடும். இதில் பூனை உட்கார்ந்த இடத்தை விட்டு அசைய முடியாது. எதிரே ஜனம் உட்கார்ந்திருக்கிறது. வலியை முகத்தில் காட்டக் கூடாது. கத்தக் கூடாது. ஏற்றுக்கொண்ட வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும்.

கடைசியில் எலிக்கு வெறி பிடித்து, சுத்தியல்களில் இரண்டை ஒடித்துக் கையில் வைத்துக்கொண்டு தானே உள்ளேயிருந்து முடிவுப் பகுதியை வாசிக்க ஆரம்பிக்கிறது. முடிந்தது என்று டாம் நினைத்தால் முடியவில்லை. திரும்ப ஒரு சுற்று. அதுவும் முடிவில்லை. கோட்டு கிழிந்து, முடி கலைந்து, பூனை அப்படியே சரிந்து விழுகிறது. கைதட்டல் விண்ணைப் பிளக்கிறது. எழுந்து வணக்கம் சொல்லக்கூடத் தெம்பில்லை. வெளிச்சம் எலிமேல் விழுகிறது. குட்டியூண்டு கோட்டு மாட்டிக்கொண்டு எலி குனிந்து கைதட்டலை வாங்கிக்கொள்கிறது.

முதல்முறை பார்த்தபோது இந்த முடிவுக்கு நான் தரையில் உருண்டு சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. வயிற்றைப் பிசைந்தது. அதற்குக் காரணம் இருக்கிறது.

1996, ஏப்ரல் மாதம். விருதுநகர். எனக்கு வயது பதிமூன்று. அதற்கு முந்தின வருஷம்தான் இந்தியாவுக்கு கார்ட்டூன் நெட்வொர்க் வந்திருந்தது. பகலெல்லாம் கார்ட்டூன், ராத்திரியானால் அதே சேனலில் பழைய ஹாலிவுட் படம். எங்கள் வீட்டில் இருந்தது கறுப்பு வெள்ளை டி.வி. டாம் என்ன கலர் என்றே எனக்குக் காலேஜ் போகிற வரைக்கும் தெரியாது. கேபிள்காரர் தெருவில் எல்லாருக்கும் இழுத்தபோது எங்களுக்கும் இழுத்துவிட்டார். அன்றிலிருந்து எனக்குப் பள்ளிக்கூடம் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

அப்பா ஒரு மண்டியில் கணக்குப்பிள்ளை. சம்பளம் மாதம் 1,800 ரூபாய். மார்ச் 31 முடிந்தால் கணக்கு முடிக்கிற சீஸன். பேரேடுகளைப் பையில் போட்டு வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். வீடு என்றால் ஒரே ஒரு ஹால், பின்னால் சமையல்கட்டு. அந்த ஹாலில்தான் டி.வி., அதே ஹாலில்தான் அப்பாவின் சாய்வு மேஜை. ஆக, ஞாயிற்றுக்கிழமை காலையில் டி.வி. கிடையாது.

"கூட்டல் தப்பிப் போகும்டா. அமத்து."

அமத்தினேன். மூலையில் உட்கார்ந்து உர்ரென்று முறைத்தேன். வாரம் முழுக்கக் காத்திருந்த ஞாயிற்றுக்கிழமை சார் அது! அப்பா கொல்லைப்பக்கம் பல் விளக்கப் போனார். பேரேடு திறந்து கிடந்தது. அவருடைய மைப்பேனா மேல்மூடி போட்டு வைக்கப்பட்டிருந்தது. என் கையில் பள்ளிக்கூடத்து பால் பாயின்ட் பேனா.

மல்லி வியாபாரி ஒருவர் கணக்கில் 2,140 ரூபாய் பற்று எழுதியிருந்தது. அந்த ஒன்றின் தலையில் ஒரு சின்னக் கோடு போட்டேன். 2,740.

ஜெர்ரி என்ன செய்யுமோ அதைச் செய்தேன். அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. செய்துவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய் இட்லி சாப்பிட்டேன் என்பது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

உங்களில் காமர்ஸ் படித்தவர்களுக்கு அடுத்து என்ன ஆகும் என்று புரிந்திருக்கும். படிக்காதவர்களுக்காக இரண்டு வரி. எல்லாக் கணக்கையும் முடித்து, பற்று நிலுவைகளை ஒரு பக்கமும் வரவு நிலுவைகளை ஒரு பக்கமும் எழுதிக் கூட்டினால் இரண்டும் சமமாக வர வேண்டும். அதுதான் ட்ரையல் பேலன்ஸ். வந்தால் அன்றைக்கு வீட்டில் பாயசம். வராவிட்டால் சனி.

திங்கள்கிழமை ராத்திரி வரவில்லை. 600 ரூபாய் இடித்தது.

அப்பாவிடம் சில சூத்திரங்கள் உண்டு. முதலில் வித்தியாசத்தைப் பாதியாக்குவார். முந்நூறு ரூபாய்க்கு ஏதாவது பதிவு பக்கம் மாறி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். பற்றில் போட வேண்டியதை வரவில் போட்டால் இரண்டு மடங்கு இடிக்கும் அல்லவா, அதற்காக. இல்லை. அடுத்து ஒன்பதால் வகுப்பார். 45-ஐ 54 என்று இடம் மாற்றி எழுதியிருந்தால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் மிச்சமில்லாமல் வகுபடும். (நம்பிக்கை இல்லையென்றால் ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். நான் இங்கேயே இருக்கிறேன்.) 600 ஒன்பதால் வகுபடாது. அப்படியானால் ஒரே வழிதான். டே புக்கையும் பேரேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு வருஷத்துப் பதிவு ஒவ்வொன்றையும் டிக் அடித்துக்கொண்டே வர வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மண்டியில் விஷயம் முதலாளி காதுக்குப் போனது. அவருக்கு ட்ரையல் பேலன்ஸும் தெரியாது ஒன்றும் தெரியாது. 600 ரூபாய் காணோம் என்றுதான் அவருக்கு அர்த்தமானது. அப்பா விளக்கியிருக்கிறார். "ரொக்கம் சரியா இருக்கு முதலாளி. எழுத்துலதான் எங்கயோ இடிக்குது. இப்போதைக்கு சஸ்பென்ஸ் அக்கவுண்டுல போட்டு வச்சிருக்கேன்."

"சஸ்பென்ஸா? இதென்ன சினிமாவா கணக்குப்பிள்ளை? ரெண்டு நாள்ல கண்டுபிடிங்க. இல்லாட்டி உங்க சம்பளத்துல பார்த்துக்குவோம்."

மூட்டை தூக்குகிறவர்கள், தரகர்கள், வெளியூர் வியாபாரிகள் எல்லாரும் இருக்கும்போது சொன்னது. இருபது வருஷமாக ஒரு பைசா பிசகாமல் கணக்கு எழுதிய மனுஷனிடம். அம்மா இதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சமையல்கட்டில் நின்று சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன். அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. மோர் மட்டும் குடித்தார்.

நான் சொல்லியிருக்கலாம். ஒரே வரி. "அப்பா, நான்தான்." நாக்கு வரைக்கும் வந்தது. 600 ரூபாய் என்பது அவர் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. நான் வாங்கப்போகிற அடியையும் அந்தத் தொகையையும் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன். நாக்கு உள்ளே போய்விட்டது.

மூன்றாவது ராத்திரி, விடியற்காலை மூன்று மணி இருக்கும். நான் போர்வைக்குள் விழித்துக்கொண்டுதான் கிடந்தேன். அப்பா பக்கத்தைப் புரட்டுகிற சத்தம் திடீரென்று நின்றது. போர்வை ஓட்டை வழியாகப் பார்த்தேன். பேரேட்டை இரண்டு கையாலும் தூக்கி ட்யூப் லைட்டுக்குச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிவப்பு மை பேனாவை எடுத்து 2,740-ஐ அடித்து, மேலே 2,140 என்று எழுதி, பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் நான் படுத்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. ஐந்து விநாடியாகவும் இருக்கலாம். லைட்டை அணைத்துவிட்டார்.

காலையில் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை.

இங்கே ஒரு இடைவேளை விட்டு, அந்தக் கார்ட்டூனைச் செய்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சம்பந்தம் இருக்கிறது.

டாம் அண்ட் ஜெர்ரியை உருவாக்கியவர்கள் இரண்டு பேர். வில்லியம் ஹன்னா, ஜோசஃப் பார்பரா. ஹன்னா பத்திரிகைத் தொழிலும் கட்டடப் பொறியியலும் படிக்கப் போய், 1930-களின் பொருளாதாரச் சரிவில் படிப்பைப் பாதியில் விட்டவர். பார்பரா? சொன்னால் சந்தோஷப்படுவீர்கள். நியூயார்க்கில் இர்விங் டிரஸ்ட் என்ற வங்கியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர்! பகலில் கணக்கு, ராத்திரியில் படம். பத்திரிகைகளுக்கு ஜோக்குப் படங்கள் வரைந்து அனுப்புவார். திரும்பி வரும். மறுபடி அனுப்புவார். ஒன்றிரண்டு பிரசுரமாக ஆரம்பித்ததும் வங்கியை விட்டுவிட்டு கார்ட்டூன் கம்பெனிக்குப் போய்விட்டார். பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகை ஆபீஸ் படியேறிய என்னைப் போன்றவர்கள் பூஜை அறையில் மாட்டி வைக்க வேண்டிய படம் அவருடையது.

1940-ல் இவர்கள் செய்த முதல் பூனை-எலிக் கதையில் பூனைக்கு ஜாஸ்பர் என்று பெயர். டாம், ஜெர்ரியெல்லாம் பிறகு ஸ்டூடியோவுக்குள்ளேயே போட்டி வைத்துப் பிடித்த பெயர்கள். சொன்னவருக்கு ஐம்பது டாலர் பரிசு. முதல் படத்தை எடுத்ததும், 'பூனையும் எலியும் போதும், வேறு ஏதாவது செய்யுங்கள்' என்றுதான் கம்பெனி சொன்னது. டெக்சாஸில் தியேட்டர்களுக்காகப் படம் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, அந்தப் பூனையும் எலியும் மறுபடி எப்போது வரும் என்று கேட்டு ஒரு கடிதம் போட்ட பிறகுதான் நிர்வாகத்துக்கு விழிப்பு வந்தது. நிர்வாகங்கள் எங்கேயும் ஒரே மாதிரிதான்.

அதன்பிறகு இருவரும் சேர்ந்து அங்கே மொத்தம் 114 படங்கள். 13 முறை ஆஸ்கர் பரிந்துரை, 7 முறை விருது. விருதுகளை யார் வாங்கினார்கள் தெரியுமா? தயாரிப்பாளர் ஃப்ரெட் க்விம்பி. டைட்டிலில் அவர் பெயர்தானே தயாரிப்பாளர் என்று இருக்கிறது! உழைத்துக் களைத்த பூனை கீழே கிடக்க, கோட்டு போட்ட எலி குனிந்து கைதட்டல் வாங்குகிறதே, அந்த முடிவை இவர்கள் எங்கேயிருந்து பிடித்தார்கள் என்று நான் சந்தேகப்பட்டால் தப்பா?

'கேட் கன்சர்ட்டோ'வும் ஆஸ்கர் வாங்கியதுதான். அதில் ஒரு தகராறும் உண்டு. அதே சமயத்தில் வார்னர் பிரதர்ஸ் கம்பெனி 'ராப்சடி ராபிட்' என்று ஒரு கார்ட்டூன் செய்திருந்தது. அதே லிஸ்ட், அதே ராப்சடி, அதே பியானோ, உள்ளே ஒரு எலி. பூனைக்குப் பதில் பக்ஸ் பன்னி முயல். 1946 நவம்பரில், அதாவது டாமுக்கு முன்னாலேயே அது தியேட்டருக்கு வந்துவிட்டது. நீ என்னைக் காப்பியடித்தாய், நான் உன்னை அடிக்கவில்லை என்று இரண்டு தரப்பும் பேசிக்கொண்டார்கள். இன்றுவரை தீர்ப்பில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தேன். முயல் கில்லாடி. வருகிற தொல்லையையெல்லாம் ஊதித் தள்ளிவிடுகிறது. டாமால் அது முடியாது. அதனால்தான் என் ஓட்டு டாமுக்கு.

அப்புறம் அந்த விரல்கள். அடுத்த தடவை பார்க்கும்போது டாமின் கைகளை மட்டும் பாருங்கள். காதில் எந்த ஸ்வரம் விழுகிறதோ, கை அந்தக் கட்டைப் பக்கம்தான் போகிறது. சும்மா கையை ஆட்டி ஏமாற்றவில்லை. சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 பிம்பங்கள். ஏழே முக்கால் நிமிஷத்துக்கு எவ்வளவு? பதினோராயிரத்துக்கு மேலே. ஒரு படத்தை இரண்டு முறை பதிவுசெய்து சிக்கனம் பிடித்தாலும் ஐயாயிரத்துக்கு மேல் வரைய வேண்டும். கையால். கம்ப்யூட்டர் இல்லாத காலம். சீனாவில் லாங் லாங் என்று ஒரு உலகப் புகழ் பியானோ கலைஞர். இரண்டு வயதுக் குழந்தையாக இருக்கும்போது டி.வி.யில் இந்தக் கார்ட்டூனைப் பார்த்ததுதான் தனக்கு ஆரம்பம் என்று சொல்லியிருக்கிறார். பூனை வாசித்ததைப் பார்த்து மனுஷன் கற்றுக்கொண்டான்.

இந்தக் கார்ட்டூன்கள் எல்லாமே தங்கம் என்று சொல்லமாட்டேன். கறுப்பின வேலைக்காரப் பெண்மணியை அவர்கள் காட்டிய விதம் இன்றைக்குப் பார்த்தால் கூசுகிறது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

முடிவு என்ன ஆயிற்று? 1957. எம்.ஜி.எம். ஆபீஸில் யாரோ பேரேட்டைப் புரட்டினார்கள். பழைய கார்ட்டூனைத் தூசி தட்டி மறுபடி வெளியிட்டாலே புதுசுக்குக் கிடைக்கிற வருமானம் ஏறக்குறைய வந்துவிடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். அப்புறம் புதுசு எதற்கு? ஒரு போன். ஸ்டூடியோவை மூடியாயிற்று. கணக்குப்படி சரிதான். ஒரு காமர்ஸ்காரனாக எனக்கு அதில் தப்பே கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் எரிச்சல். இருவரும் சோர்ந்து உட்காரவில்லை. சொந்தமாகக் கம்பெனி ஆரம்பித்து, டி.வி.க்குப் போய், ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ் அது இதென்று பெரிய ஆட்கள் ஆனார்கள். ஹன்னா 2001-ல் போனார், பார்பரா 2006-ல். ஒரு விஷயம் விட்டுவிட்டேன். டாம் வலியில் அலறுகிற அந்த அலறல் இருக்கிறதே, அது ஹன்னாவின் சொந்தக் குரல்.

சரி, விருதுநகருக்குத் திரும்புவோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. கணக்கெல்லாம் முடிந்து பேரேடு மண்டிக்குத் திரும்பிவிட்டது. நான் டி.வி. பக்கமே போகவில்லை. வரலாற்றுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்தார். "என்னடா, இன்னிக்கு உன் எலி வரலையா? போடு" என்றார். போட்டேன். பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். அதுவரைக்கும் அவர் டி.வி. முன்னால் உட்கார்ந்து நான் பார்த்தது செய்திக்கு மட்டும்தான்.

அன்றைக்கு வந்ததுதான் இந்தக் கச்சேரி. கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டைகள். எங்கள் டி.வி.க்கென்றே எடுத்த மாதிரி இருந்தது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. மூடி சாத்தி விரல் நசுங்கியபோது அப்பாவும் ஒரு தடவை 'ஹக்' என்று சிரித்தார். கத்தரிக்கோல் வந்தது. எலிப்பொறி வந்தது. அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"பாவம்டா அந்தப் பூனை" என்றார். "அது பாட்டுக்கு அது வேலையைப் பார்க்குது. செய்ய விட மாட்டேங்குதே."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. காது இரண்டும் சூடாகிவிட்டது. தெரிந்துதான் சொல்கிறாரா? தெரியாமல் சொல்கிறாரா? பூனையைச் சொல்கிறாரா? கடைசியில் எலி குனிந்து கைதட்டல் வாங்கியபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது என்றேனே, அது இதனால்தான்.

அப்புறம் அவர் சொல்படியே பி.காம். சேர்ந்தேன். முதல் வருஷத்தில் 'பிழைகளைத் திருத்துதல்' என்று ஒரு பாடம் வரும். விடுபட்ட பிழை, எழுத்துப் பிழை, கொள்கைப் பிழை, ஒன்றையொன்று ஈடுசெய்யும் பிழை என்று ப்ரொஃபஸர் போர்டில் வரிசையாக எழுதினார். பையன் செய்த பிழை என்று ஒன்று அதில் இல்லை. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற வரை அது சஸ்பென்ஸ் அக்கவுண்டில் இருக்கும், கண்டுபிடித்ததும் அந்தக் கணக்கு தானாக மூடிக்கொள்ளும் என்றார். அந்தக் கேள்வி செமஸ்டரில் பத்து மார்க்குக்கு வந்தது. பத்துக்குப் பத்து வாங்கினேன். லீவில் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் மார்க்கைச் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் சொல்லலாம் என்று நினைத்தேன். குழந்தை பிறந்தபோது நினைத்தேன். அம்மா போன வருஷம் நினைத்தேன். இவ்வளவு நாள் கழித்து இதென்ன பெரிய விஷயம் என்று நீங்கள் கேட்கலாம். அதுதான். நாளாக நாளாக விஷயம் சின்னதாகிக்கொண்டே வந்தது, சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது.

போன மாதம் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். சென்னையில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். மகள் கீபோர்டு கிளாஸுக்குப் போகிறாள். விரல் வலிக்கிறது, போகமாட்டேன் என்று ஒருநாள் அடம். 'இங்கே வா, விரல் வலி என்றால் என்ன என்று காட்டுகிறேன்' என்று டேப்லெட்டில் டாமைப் போட்டேன். தாத்தாவும் கறுப்புக் கண்ணாடியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இது என்னம்மா கலர் பூனை?" என்றார், கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு.

"கிரே கலர் தாத்தா. சாம்பல்."

"நம்ம பழைய டி.வி.லயும் சாம்பலாத்தான இருந்துச்சு? அப்ப அது சரியாத்தான் காட்டியிருக்கு. நான்தான் அதைத் திட்டிக்கிட்டே இருந்தேன்."

மூடி படாரென்று சாத்தியது. மகள் சிரிக்கவில்லை. "ச்சே, பாவம்" என்றாள். கத்தரிக்கோல் வந்தபோது கோபமே வந்துவிட்டது. "அது என்னப்பா பண்ணுச்சு அந்த எலியை? வாசிச்சிட்டுதான இருந்துச்சு!"

எனக்கு மறுபடி காது சூடானது. நாற்பத்து மூன்று வயதில்.

எலி குனிந்து கும்பிட்டது. படம் முடிந்தது. அப்பா கறுப்புக் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு பேத்தியிடம் கேட்டார்.

"உனக்கு ஒரு கணக்கு. ஒண்ணை ஏழாக்க எவ்வளவு நேரம் ஆகும், சொல்லு."

அவள் காற்றில் விரலால் எழுதிப் பார்த்தாள். "ஒரு செகண்டு."

"சரி. ஏழைத் திரும்ப ஒண்ணாக்க?"

"அதுவும் ஒரு செகண்டுதான் தாத்தா. ரப்பர் வச்சு அழிச்சா போச்சு."

"இல்லம்மா" என்றார். "மூணு ராத்திரி."

அவளுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் எங்கே பார்க்கிறார் என்று தெரியவில்லை.

"அப்பா..." என்று ஆரம்பித்தேன்.

"மொதல்லேர்ந்து போடுடா" என்றார். "அது கோட்டு போட்டுக்கிட்டு நடந்து வருமே, அந்த எடத்தை நான் சரியாப் பார்க்கலை."